‘கை எப்போது வரும்?’ என்னும் கேள்வி

மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது உயிரைப் பற்றியே. அபாயக் கட்டம் நீங்கி, நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு வந்தபின் கேள்வி மாறுகிறது. “கால் எப்போது வரும்? கை எப்போது வரும்?” என்கிறார்கள். முதல் கேள்விக்குச் சில நாள்களில் விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை பல மாதங்களில், பெரும்பாலும் வீட்டில்தான் தெரியவருகிறது.

அந்த மாதங்களில் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுவதை நாங்கள் காண்கிறோம். “எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நன்றாக ஓய்வெடுக்கட்டும்” என்பது ஒன்று. “போனது போனதுதான், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்பது மற்றொன்று. கேட்பதற்கு இவை எதிரெதிரானவை, விளைவு ஒன்றே. பயிற்சி நின்றுபோகிறது. இரண்டுமே தவறு என்பது எங்கள் கருத்து. மீட்சிக்கு உடற்கூறு ஓர் எல்லையை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை, பாதிக்கப்பட்ட உறுப்பை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது பெருமளவு முடிவு செய்கிறது. இவ்விரண்டையும் குடும்பத்தாரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்னபின், முழுச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு மருத்துவத் துறை ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது.

கட்டளை செல்லும் பாதை

பெருமூளையின் மேற்பரப்பில், காதுக்கு மேலிருந்து உச்சந்தலை வரை பட்டைபோல் நீளும் ஒரு பகுதி உண்டு. உடலை அசைக்கும் கட்டளைகள் அங்கே உருவாகின்றன. முகம், கை, உடல், கால் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் இருக்கிறது. விரல்களுக்கும் உதடுகளுக்கும் ஒதுக்கப்பட்ட இடம், அவற்றின் உருவத்தோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. நுண்ணிய அசைவுகளுக்கு அவ்வளவு மூளை தேவைப்படுகிறது.

அப்பகுதியிலிருந்தும் அதன் அண்டைப் பகுதிகளிலிருந்தும், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. பனையோலை விசிறியின் மடிப்புகள் காம்பில் வந்து குவிவதுபோல, இவை மூளையின் ஆழத்தில் ஒரு குறுகிய இடுக்கில் நெருக்கமாகக் குவிகின்றன. மருத்துவர்கள் இதனை ‘இன்டர்னல் கேப்ஸ்யூல்’ என்பர். அங்கிருந்து மூளைத்தண்டு வழியாக இறங்கி, முகுளத்தின் அடிப்பகுதியில் நூற்றுக்கு 85 முதல் 90 வரையிலான இழைகள் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டுகின்றன. பிறகு தண்டுவடத்தில் இறங்கி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களிடம் கட்டளையை ஒப்படைக்கின்றன. மூளையின் வலப்புறத்தில் கசிவு ஏற்பட்டால் இடக்கையும் இடக்காலும் செயலிழப்பது இதனால்தான்.

“சிறிய கசிவுதான் என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்களே, பிறகு ஏன் ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது?” என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். கசிவின் அளவைப் போலவே அது நிகழ்ந்த இடமும் முக்கியம். இழைகள் பரந்து கிடக்கும் மேற்பகுதியில் ஒரு கசிவு, கையை மட்டுமோ முகத்தை மட்டுமோ பாதிக்கலாம். அவை ஒன்றுகூடும் இடுக்கில் அதே அளவு கசிவு, முகம், கை, கால் மூன்றையும் ஒருசேர வீழ்த்திவிடும்.

உயர் இரத்த அழுத்தத்தால் வரும் கசிவுகள் மிகுதியாக நிகழ்வது அந்த இடுக்கை ஒட்டிய பகுதியிலேயே. அங்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் மயிரிழைபோல் மெல்லியவை. பெரிய தமனியிலிருந்து நேரடியாகக் கிளைப்பவை. பெரிய குழாயின் அழுத்தம் படிப்படியாகக் குறையாமல் அப்படியே அவற்றின் மீது விழுகிறது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத அழுத்தம் அவற்றின் சுவரை நலிவுறச் செய்து, ஒரு நாள் உடைக்கிறது.

கசிவு செய்யும் மூன்று தீங்குகள்

முதல் தீங்கு, இரத்தம் வெளியேறும் விசை. சில இழைகள் கிழிந்துபோகின்றன. வேறு சில நசுங்கி ஒதுக்கப்படுகின்றன. கசிவு முதல் சில மணி நேரத்தில் வளரவும் கூடும். 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்களுக்கு, ஒரு நாளுக்குள் கசிவு கணிசமாகப் பெருகியிருந்தது. அவசரப் பிரிவில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கு மருத்துவர்கள் விரைவது இதற்காகவே.

இரண்டாவது தீங்கு, தேங்கிய இரத்தம் சிதையும்போது நேர்வது. உறைதலில் பங்கேற்கும் புரதங்களும், சிவப்பணுக்கள் உடைந்து வெளிப்படும் இரும்பும் சுற்றியுள்ள திசுவுக்கு நச்சாகின்றன. வீக்கம் உண்டாகிறது. முதல் நாள் கொஞ்சம் அசைந்த கை, நான்காம் நாள் அசையாமல் போவதற்கு இந்த வீக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அவ்வாறு நலிவு கூடினால் அதனை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தீங்கு மெல்ல நிகழ்வது. மேலே அறுந்த இழை, அறுந்த இடத்தோடு நிற்பதில்லை; அதற்குக் கீழுள்ள பகுதியும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிதைகிறது. தன் அணுவிடமிருந்து பிரிக்கப்பட்ட நரம்பிழை இவ்வாறு அழிவதை அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1850இலேயே கண்டு எழுதினார். மூளைக்குள் அவ்வாறு அறுந்த நீண்ட இழை மீண்டும் முளைத்துத் தண்டுவடம் வரை சென்றடைவதில்லை.

நம்பிக்கைக்கு இடமளிப்பது நசுங்கிய இழைகளின் கதை. தேங்கிய இரத்தத்தை உடல் சில வாரங்களில் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது, வீக்கமும் வடிகிறது. அழுத்தம் நீங்கும்போது, உயிரோடு இருந்தும் பேச முடியாமல் கிடந்த இழைகள் மீண்டும் கட்டளைகளைக் கடத்தத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் மிகவும் நலிவாக இருந்த இரத்தக்கசிவு நோயாளிகள், பின்னர் கணிசமாகத் தேறுவதை மறுவாழ்வுப் பிரிவுகள் கண்டிருக்கின்றன. ஆகவே, முதல் வாரத்தில் அசையாத கையைப் பார்த்து இறுதித் தீர்ப்பு எழுதுவது பொருந்தாது.

“அறுவை செய்து இரத்தத்தை எடுத்துவிட்டால் கை வந்துவிடுமா?” என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. அறுவையின் முதன்மை நோக்கம் உயிரைக் காப்பதும் அழுத்தத்தைக் குறைப்பதுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2005இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், எல்லோருக்கும் முன்கூட்டியே அறுவை செய்வதால் ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை. நுண்துளை வழியாக இரத்தத்தை அகற்றும் முறை பற்றிய 2024ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தெரிந்தது. ஆனால் அது மேற்பகுதிக் கசிவுகளில்தான் தெரிந்தது, ஆழ்பகுதிக் கசிவுகளில் தெரியவில்லை. அறுவை செய்யவில்லையே என்று பின்னாளில் வருந்தும் குடும்பங்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

காலுக்குப் பின் தோள், கடைசியில் விரல்

ஒரு பக்கம் செயலிழந்தவர்களில் பலர் சில வாரங்களில் எழுந்து நிற்கிறார்கள். பிறர் தாங்க நடக்கிறார்கள். பிறகு கோலூன்றி நடக்கிறார்கள். தோளும் முழங்கையும் ஓரளவு அசைகின்றன. விரல்கள் மட்டும் மடங்கியே கிடக்கின்றன. “கால் வந்ததே, கை ஏன் வரவில்லை?” என்ற ஏக்கம் இங்கே பிறக்கிறது.

இதற்குக் காரணம் பாதைகளின் எண்ணிக்கை. உடலை நிமிர்த்தவும், இடுப்பையும் தொடையையும் தோளையும் இயக்கவும், நாம் மேலே விவரித்த பெரும்பாதையோடு மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு சில பழைய பாதைகளும் உதவுகின்றன. அவற்றுள் சில இரு பக்கங்களுக்கும் செல்பவை. பெருவழி அடைபட்டாலும் ஒற்றையடிப் பாதைகளில் ஊருக்குப் போய்ச் சேரலாம் அல்லவா? விரல்களை ஒவ்வொன்றாகத் தனித்து இயக்குவதற்கு அத்தகைய மாற்றுவழி மிகக் குறைவு. லாரன்ஸ், கைப்பர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1968இல் குரங்குகளிடம் இதனைத் தெளிவாகக் காட்டினர். இருபுறமும் பெரும்பாதை அறுக்கப்பட்ட குரங்குகள் பின்னர் நடந்தன, ஏறின, பொருளைப் பற்றின. விரல்களைத் தனித்தனியே இயக்கும் திறன் மட்டும் அவற்றுக்குத் திரும்பவில்லை.

காலுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. சற்று விறைப்பான காலையும் வீசி வைத்து நடந்துவிட முடியும். சற்று விறைப்பான விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கையிடம் நாம் கேட்பது அதிகம்.

இதனை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு நோக்கம் உண்டு. “மனசு வைத்தால் முடியும், இவர்தான் முயற்சி எடுப்பதில்லை” என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் குரல்களைப் பல வீடுகளில் கேட்கிறோம். அவரும் அதனை நம்பி, தன்னையே நொந்துகொள்கிறார். விரல் வராதது சோம்பலின் அடையாளம் இல்லை. பாதையின் சேதம் அது. மூளைத்தாக்குக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். பேசாமல், உண்ணாமல், பயிற்சியை வெறுத்து ஒதுக்கினால் அதனைப் பிடிவாதம் என்று கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

மூன்று மாதக் கணக்கு

மீட்சியின் வேகம் முதல் 3 மாதங்களில் அதிகம், 6 மாதம் வரை தொடர்கிறது, அதன்பின் மெதுவாகிறது. இந்த உண்மை மக்களிடையே “மூன்று மாதத்தில் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை” என்று திரிந்துவிட்டது. அவ்வாறு ஒரு கதவு அடைபடுவதில்லை. மூளைத்தாக்கு ஏற்பட்டு 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. நல்ல கையை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதிக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, நலிந்த கைக்கு 2 வாரம் தீவிரப் பயிற்சி அளித்தனர். அந்தக் கையின் பயன்பாடு மேம்பட்டது. ஓராண்டுக்குப் பின்னும் அது நிலைத்தது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதளவேனும் நீட்டப்படுபவர்களுக்கே இம்முறை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே இதனை வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. விரைவாகத் தொடங்குவது நல்லது என்பதால் முதல் நாளே நோயாளியை வலிந்து எழுப்பி நடத்த வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள் மிகுதியாக எழுப்பி நடமாடச் செய்தவர்களின் நிலை, வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியதைக் காட்டியது. எப்போது உட்கார்வது, எப்போது நிற்பது என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யட்டும்.

அன்பே தடையாகும் இடம்

எங்கள் கருத்தின் மையம் இதுதான்: பல வீடுகளில் மீட்சியைத் தடுப்பது அலட்சியம் இல்லை, அன்பே.

அப்பா தம்ளரை எடுக்கக் கையை நகர்த்துகிறார். கை நடுங்குகிறது. அதற்குள் மகள் ஓடிவந்து தம்ளரை அவர் வாயருகே பிடிக்கிறார். அம்மா ரவிக்கைக் கொக்கியோடு போராடுகிறார். மருமகள் அதனை ஒரு நொடியில் மாட்டிவிடுகிறார். இவை ஒவ்வொன்றும் பரிவான செயல்கள். நாளொன்றுக்கு நூறு முறை நிகழும்போது, நலிந்த கைக்குக் கிடைக்க வேண்டிய நூறு பயிற்சிகள் பறிபோகின்றன. பயிற்சி நிலையத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரம் அந்த இழப்பை ஈடுசெய்யாது.

பயன்படாத உறுப்புக்கான இடத்தை மூளை பேணிவைப்பதில்லை. குரங்குகளின் மூளையில் கைக்குரிய பகுதியில் சிறு சேதம் உண்டாக்கி ராண்டால்ஃப் நூடோ என்பவரின் குழு செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. பயிற்சி பெறாத குரங்குகளில், சேதமடையாமல் எஞ்சியிருந்த கைப்பகுதியும் சுருங்கியது. பயிற்சி பெற்றவற்றில் அது காக்கப்பட்டது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்திலும் கை இடம்பிடித்தது. நல்ல கையே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டால், நலிந்த கை தன்னால் முடிவதையும் மறந்துபோகிறது.

ஆகவே குடும்பத்தாரிடம் நாங்கள் முதலில் வேண்டுவது பொறுமை. உதவுவதற்கு முன் ஒரு நிமிடம் காத்திருங்கள். அவரால் முடிந்த பகுதியை அவர் செய்யட்டும். முடியாத பகுதியை மட்டும் நிறைவு செய்யுங்கள். பல் துலக்கும்போது நலிந்த கை பற்பசையைப் பிடித்துக்கொள்ளட்டும். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அந்தக் கையும் மாவின் மேல் இருக்கட்டும். துண்டை மடிக்க, கதவைத் தள்ள, செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்ப அதனை அழையுங்கள். பொருளுள்ள வேலையில் கை கற்பதுபோல், காற்றில் மேலும் கீழும் அசைக்கும்போது கற்பதில்லை.

சில செயல்களை அன்போடு தவிர்க்கவும் வேண்டுகிறோம். படுக்கையிலிருந்து எழுப்பும்போது நலிந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசைகள் தளர்ந்திருக்கும் காலத்தில் தோள்மூட்டு எளிதில் நழுவும். அதன் வலி மாதக்கணக்கில் பயிற்சியையே நிறுத்திவிடும். கப்பியில் கயிற்றைக் கட்டி, நல்ல கையால் நலிந்த கையைத் தலைக்கு மேல் இழுக்கும் பயிற்சி பல வீடுகளில் காணப்படுகிறது. அது தோளுக்குக் கேடு. நாள் முழுவதும் பந்தைப் பிசையச் சொல்வதும் அவ்வளவு பயன் தராது. இத்தகைய கைகள் மூடுவதற்குத் திணறுவதைவிடத் திறப்பதற்கே அதிகம் திணறுகின்றன. விரலைத் திறந்து பொருளை விடுவதே கடினமான பாடம். தசை இறுக்கம் மிகுந்து விரல்கள் உள்ளங்கையில் புதையத் தொடங்கினால் காலந்தாழ்த்தாமல் வாருங்கள். அதற்கு மருந்தும், ஊசியும், தாங்குபட்டையும் உண்டு.

விற்பனைக்கு வரும் நம்பிக்கைகள்

கை வராத வீட்டைத் தேடி நம்பிக்கை வியாபாரிகள் வருவார்கள். புறா இரத்தத்தைத் தடவச் சொல்பவர்கள் உண்டு. அறுந்த நரம்பிழைக்கும் தோலின் மேல் தடவிய இரத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நகை விற்றும் நிலம் விற்றும் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. இரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்குச் செய்யப்படும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுகளுக்கு வெளியே சிகிச்சையாக வழங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் அந்தச் சிகிச்சைக்கு விலை கேட்பதில்லை. யாரேனும் பெருந்தொகை கேட்டால், அதுவே உங்களுக்கான எச்சரிக்கை.

குடும்பத்தால் மட்டும் முடியுமா?

இங்கே நாங்கள் எங்கள் துறையை நோக்கியும் பேச வேண்டியிருக்கிறது. இயன்முறை மருத்துவர்கள் போதாத நாட்டில், வீட்டில் இருப்பவருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுத்தந்து அனுப்பிவிடலாம் என்னும் எண்ணம் வலுவாக இருந்தது. அதனைச் சோதிக்க இந்தியாவிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் பங்கேற்ற அதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்த குழுவும், வழக்கமான கவனிப்பைப் பெற்ற குழுவும் 6 மாத முடிவில் ஒரே நிலையில்தான் இருந்தன. இரு குழுக்களிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 47 பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர்.

இதிலிருந்து குடும்பம் தேவையில்லை என்று பொருள்கொள்வது தவறு. குடும்பத்தின் வேலை வேறு, சிகிச்சையாளரின் வேலை வேறு என்பதே நாங்கள் கற்றுக்கொள்ளும் பாடம். எந்தத் தசை விழித்திருக்கிறது, எந்தப் பயிற்சியை எப்போது கடினமாக்குவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கணிப்பது பயின்றவரின் வேலை. கற்ற அசைவுக்கு நாள் முழுவதும் வாய்ப்பளிப்பது வீட்டின் வேலை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

நம் வீடுகளில் இச்சுமை பெரும்பாலும் ஒரே பெண்ணின் தோளில் விழுகிறது: மனைவி, மகள் அல்லது மருமகள். சமையலும் வேலையும் பிள்ளைகளும் ஒருபுறமிருக்க, இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பதும் அவரே. “பயிற்சி ஒழுங்காகச் செய்தீர்களா?” என்று மறுபரிசோதனையில் அவரைக் கேட்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடக் கூடாது. மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் கழியும் நாள்களையே கணக்கில் கொள்கின்றன. அதன்பின் வரும் மாதங்களின் பயிற்சிச் செலவு குடும்பத்தின் கைப்பணமாகிறது. மீட்சி நிகழ்வதோ அந்த மாதங்களில்தான். மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இந்த முரணைச் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இப்போதே கிடைக்கும் உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஊனம் நிலைபெற்று, அது 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். “அட்டை வாங்கினால் கை வராது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்” என்று சிலர் தயங்குகிறார்கள். அட்டை வாங்கியவரும் பயிற்சியைத் தொடரலாம். இரண்டுக்கும் பகை இல்லை.

மீண்டும் கசியாமல் காப்பது

இவ்வளவு உழைப்பையும் ஒரே நாளில் வீணாக்கக்கூடியது இரண்டாவது கசிவு. கை சற்று அசையத் தொடங்கியதும், “உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?” என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். 6,105 பேரிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மூளைத்தாக்குக்குப் பின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளை எடுத்தவர்களிடம் இரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பொதுவாக 130க்கு 80 என்ற அளவுக்குக் கீழே வைத்திருப்பதே இன்றைய இலக்கு. உங்களுக்குரிய இலக்கை உங்கள் மருத்துவர் சொல்வார். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். மதுவையும் புகையையும் விடுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளையும் வலி மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மூன்று செய்திகளை எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் அளந்த இரத்த அழுத்தக் கணக்கு முதலாவது. சென்ற மாதம் பிறர் செய்துவிட்டு, இந்த மாதம் நோயாளியே செய்துகொண்ட வேலைகள் இரண்டாவது. அவை எவ்வளவு சிறியவையானாலும் எழுதுங்கள். மூன்றாவது, அவரைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், அவருக்கு முதுகுவலி உண்டா என்பது. மருத்துவர் கேட்க மறந்தாலும் அந்த மூன்றாவது வரியை நீங்களே படித்துக்காட்டுங்கள்.